லிண்டிஸ்ஃபார்ன் தீவு சர்ச் பத்தி கேளுங்க, சொல்றேன்

இங்கிலாந்தோட வடகிழக்குக் கரையில நார்தம்பர்லேண்ட் பக்கம் இருக்கற தீவு இது, ஹோலி ஐலண்ட்னும் சொல்வாங்க, ஊர்ல சுமார் 150 பேருதான். அங்க இருக்கற செயின்ட் மேரி சர்ச்சுக்கு நான் பல தடவ போயிருக்கேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டடம்.

அக்கா, போட்டோல கூரையே இல்லாம பாழடைஞ்சு சிவப்பா நிக்குதே, அதுதானே?

இல்ல தம்பி, அது பக்கத்துல இருக்கற ப்ரையரி. 12ம் நூற்றாண்டுல டர்ஹாம் துறவிங்க கட்டின மடம். எட்டாம் ஹென்றி ராஜா மடங்களை எல்லாம் மூடினப்போ 1537ல இதுவும் போச்சு, அப்புறம் அந்தக் கல்லைப் பேத்து தீவுலயே கோட்டை கட்ட எடுத்துக்கிட்டாங்க. ஆனா அவங்க மூடினது மடங்களைத்தான், ஊர் சர்ச்சுகளை இல்ல. அதனால மடத்துக்கு மேற்கால ஒரே நேர்கோட்டுல இருக்கற செயின்ட் மேரி தப்பிச்சுது, இன்னிக்கும் ஆராதனை நடக்குது. வர்றவங்க நெறைய பேர் பாழடைஞ்சதைப் பாத்துட்டு உயிரோட இருக்கறதைப் பாக்காமலே கிளம்பிடறாங்க, எனக்கு அது நெஜமாவே வருத்தம்.

எவ்ளோ பழைய சர்ச் மேடம்?

635ல ஸ்காட்லாந்து பக்கம் இருக்கற அயோனா தீவுலேர்ந்து வந்த செயின்ட் ஏடன் இங்க மடம் ஆரம்பிச்சாரு. அவருக்கு அப்புறம் வந்த ஃபினான் ஓக் மரத்துல ஒரு சர்ச் கட்டி நாணல் கூரை போட்டாரு, பின்னாடி எட்பெர்ட்னு ஒரு பிஷப் நாணலை எடுத்துட்டு ஈயத் தகடு அடிச்சாருன்னு 8ம் நூற்றாண்டுல பீட்னு ஒரு துறவி எழுதி வச்சிருக்காரு. அந்தப் பழைய மடத்து சர்ச் இருந்த எடத்துலதான் இப்ப செயின்ட் மேரி நிக்குதுன்னு ஊர்ல நம்பறாங்க. உள்ள போனா பீடத்துக்குப் போற வளைவுக்கு மேல அண்ணாந்து பாருங்க, அந்தச் சுவர்ல சாக்ஸன் காலக் கல்வேலை தெரியும், நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்ச 1066க்கு முந்தினது.

ஆர்கிடெக்சர் படிக்கிறேன்க்கா, உள்ள என்ன பாக்கணும்?

நடுவுல பீடத்தைப் பாத்து நின்னு முதல்ல இடது பக்கம், அப்புறம் வலது பக்கம் பாரு. இடது, அதாவது வடக்கு வரிசையில அரைவட்ட வளைவு, நார்மன் ஸ்டைல், 12ம் நூற்றாண்டு. சிவப்புக் கல் ஒண்ணு வெளுத்த கல் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வச்சு கட்டியிருக்காங்க, பெயின்ட் இல்ல, கல்லோட நெறமே அதான், கிட்ட போய்ப் பாத்தா சிவப்பு மணற்கல் மணல்மணலா இருக்கும். தெற்கு வரிசையில வளைவெல்லாம் கூர்முனை, 13ம் நூற்றாண்டு கோதிக். ஒரே ஹால்ல நின்னு கழுத்தைத் திருப்பினா நூறு வருஷம் தாண்டிடலாம்! பீடம் இருக்கற பகுதியும் 13ம் நூற்றாண்டுதான், நீளமா இருக்கும், லான்செட் ஜன்னல்கள், அதாவது ஒல்லியா உயரமா மேல கூர்முனை வச்சது. 1860 வாக்குல பெரிய ரிப்பேர் பண்ணாங்க.

டவர் இருக்கா?

இல்ல சார். மேற்குச் சுவர் உச்சியில மணிக்கூண்டு மட்டும், 18ம் நூற்றாண்டு.

உள்ள ஏதோ மரச்சிலை இருக்காமே?

ஆமாங்க, ஃபென்விக் லாசன் செதுக்கினது, பேரு ‘த ஜர்னி’. 793ல வைக்கிங்னு கடல் கொள்ளைக்காரங்க வந்து மடத்தைத் தாக்கினாங்க, பயம் விட்டுப் போகல, 875ல துறவிங்க முன்னாடி இங்க பிஷப்பா இருந்த செயின்ட் கத்பெர்ட் உடம்பு இருந்த சவப்பெட்டியைத் தோள்ல தூக்கிட்டு தீவை விட்டே கிளம்பிட்டாங்க. அந்தக் காட்சிதான், ஆறு பேர் சுமக்கறாங்க, எல்ம் மரம். செயின்சா இழுத்த தடம் அப்படியே சொரசொரன்னு இருக்கு, நம்ம ஊர்ல பாடை தூக்கறவங்க தோள் ஒரு பக்கமா சாயுமே, அந்த பாரம் அதுல தெரியுது, நான் முதல் தடவ பாத்தப்போ அழுதுட்டேன்.

கல்யாணப் பொண்ணு கல்லைத் தாண்டணுமாமே?

பெட்டிங் ஸ்டோன். சர்ச்சுக்குக் கிழக்கால கல்லறைத் தோட்டத்துல இருக்கு, ஏதோ பழைய சிலுவையோட அடிக்கல். கல்யாணம் முடிஞ்சதும் ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்க, பொண்ணு தாண்டிக் குதிக்கணும், நல்லா வாழ்வாங்கன்னு நம்பிக்கை.

அப்பாம்மாவோட போறோம், எதாவது கவனிக்கணுமா?

கடலைத்தான் கவனிக்கணும்மா. 1954ல போட்ட ரோடு வழியா கார்லயே போகலாம், ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு தடவ அலை ஏறி ரோடு மூழ்கிடும். அலை ஏறி இறங்கற டைம் டேபிள் பாக்காம இறங்கி காரைத் தண்ணியில விட்டுட்டு, கம்பத்து மேல இருக்கற குடிசை மாதிரி பெட்டிக்குள்ள ஏறி உக்காந்து ரெஸ்க்யூ போட்டுக்குக் காத்திருந்தவங்க உண்டு. தண்ணி வடிஞ்ச உடனே தீவுக்குப் போயிடுங்க, அப்பதான் நிதானமா சுத்தலாம், முதல்ல சர்ச்சுக்குள்ள போங்க, ப்ரையரி அப்புறம்.