தண்டல் நோட்டும் இம்பாக்ட் ஃபேக்டரும்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தேவனாம்பட்டினத்து மீன்காரப் பெண்களின் கடனைப் பற்றி எழுத ஆசை. நெறியாளர், “இதை யார் மேற்கோள் காட்டுவார்கள்? இம்பாக்ட் ஃபேக்டர் அதிகமுள்ள இதழ்களில் எது ஓடுகிறதோ அதை எடு” என்கிறார். என்ன செய்யட்டும்?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தலைப்பை மாற்றாதீர்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்ற அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். 2024-க்கான எண் என்றால், ஓர் இதழில் 2022, 2023-இல் வந்த கட்டுரைகளை 2024-இல் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று கூட்டி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். அது இதழின் சராசரி. உங்கள் கட்டுரையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. யூஜின் கார்ஃபீல்டும் இர்விங் ஷேரும் 1960-களில் இதை உருவாக்கியதே, யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று முடிவுசெய்யத்தான். தவிர, இரண்டு ஆண்டுக் கணக்கு மருத்துவத்துக்குச் சரி. களத்தில் ஒரு வருஷம், எழுத ஒரு வருஷம், இதழில் காத்திருப்பு என்று நகரும் நம் துறைக்கு அது போதவே போதாது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டரின் ‘பலவீனமான பிணைப்புகளின் பலம்’ கட்டுரையை முதலில் ஓர் இதழ் திருப்பி அனுப்பியது. 1973-இல் வேறோர் இதழில் வந்தது. இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

கடலூர் துறைமுக ஏலத்தில் ஓர் அம்மா கையில் காசில்லாமல் ஒரு கூடை கிழங்கான் மீனை எடுத்ததைப் பார்த்தேன். “சாயங்காலம் தரேன்” என்றார். ஏலக்காரர் நோட்டில் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். தெருவில் கூறு போட்டு விற்ற காசு இடுப்புச் சுருக்குப்பைக்குள் போவதற்குள் கடன் கொடுத்துத் தினமும் வசூலிக்கும் தண்டல்காரர் வந்து நின்றார். இவர்கள் நோட்டில் பெயர் ஏற என்ன வேண்டும்? உறவா, ஊரா, சாதியா? இந்தக் கேள்வியைத் தலைப்பிலேயே வையுங்கள். மீனையே பார்க்காத ஊர்க்காரரும் படிப்பார்.

நெறியாளரின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை, வேலைக்கு அந்த எண்ணைக் கேட்கிறார்கள். அதனால் கட்டுரையை நல்ல இதழுக்கே அனுப்புங்கள். 1952 முதல் வரும் ‘சோஷியலாஜிக்கல் புல்லட்டின்’ இருக்கிறது. 1957-இல் லூயி துய்மோனும் டேவிட் போகாக்கும் தொடங்கிய ‘கான்ட்ரிபியூஷன்ஸ் டு இந்தியன் சோஷியாலஜி’ இருக்கிறது. அந்தத் துய்மோன் நம் பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆய்வு செய்தவர்தான்.

முதல் அத்தியாயம் முடிந்ததும் எனக்கும் அனுப்புங்கள்.