மாந்தளிர் நிறத்தவளுக்கு எந்தச் சிவப்பு?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 24 வயது. தென்காசியில் வங்கி வேலை. நல்ல கருப்பு நிறம். போன மாதம் முதன்முதலாக லிப்ஸ்டிக் வாங்கப் போனேன். சிவப்பைக் கையில் எடுத்ததும் கடைப்பெண், “உங்கள் நிறத்துக்கு இது எடுபடாது” என்று சொல்லி வெளிர் ரோஜா நிறத்தில் ஒன்றைக் கொடுத்தார். மணிக்கட்டில் தீட்டிப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பூசினால், காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போல இருக்கிறேன். என் மேலுதடு கருமை, கீழுதடு சற்றுச் சிவப்பு. அந்த வித்தியாசமும் அப்படியே தெரிகிறது. நான் எந்த ஷேடு வாங்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். அலங்காரம் செய்ய வந்தவர் எனக்கும் வெளிர் ரோஜாவைத்தான் பூசினார். படங்களில் எனக்கு உதடு இருக்கிற அடையாளமே இல்லை. பக்கத்தில் என் ஆச்சி நிற்கிறார், வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு. ஆச்சி என்னைவிடக் கருப்பு. ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் எல்லோரும் அவர் முகத்தில்தான் நிற்கிறார்கள்.

பாக்கின் துவர்ப்பு சுண்ணாம்போடு சேர்ந்து தரும் சிவப்பு அது. அதில் காவியும் பழுப்பும் உண்டு. உதட்டின் சொந்த நிறத்தை மூடாமல் அதில் ஊறி நிற்கும். பாக்கு வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதால் அந்தப் பழக்கம் நமக்கு வேண்டாம், நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கருப்புக்குச் சிவப்பு எடுபடாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எத்தனை தலைமுறை ஆச்சிமார் சிவந்த வாயோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்!

உங்கள் முகம் ஏன் வெளிறியது என்பதற்குக் காரணம் இருக்கிறது. லிப்ஸ்டிக்கின் நிறத்தை வெளிர் ஆக்குவதற்குப் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமியைக் கலக்கிறார்கள். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டிலும் இருப்பது அதுதான். கருமையான உதட்டின்மேல் அந்த வெள்ளை, சாம்பல் பூத்ததுபோல் தங்கிவிடுகிறது. சங்கப் பாடல்களில் மாமை என்றொரு சொல் வரும். மாந்தளிரின் நிறம், பெண்ணின் அழகு நிறம். பிரிவுத் துயரில் அந்த மாமையைத் தின்றுவிட்டுப் படர்கிற வெளிறலுக்குப் பசலை என்று பெயர். உங்களுக்கு அந்தக் கடையில் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தது பசலையைத்தான்.

மாந்தளிரை ஒருமுறை கையில் வைத்துப் பாருங்கள். செம்பும் பழுப்பும் லேசான ஊதாவும் ஒன்றோடொன்று குழைந்திருக்கும். நீங்கள் முதலில் தேட வேண்டிய ஷேடு அதுதான். அடுத்து அரக்கு, செங்கல், மாதுளை, நாவற்பழம். கடையில் ஒட்டியிருக்கும் பெயர்களை நம்பாதீர்கள். ‘நியூட்’, அதாவது தோல் நிறம், என்று எழுதியிருப்பது பல சமயம் வெள்ளைத்தோலின் நிறம். உங்களுக்கு நியூட் என்றால் அது காபிப்பொடியின் பழுப்பாக இருக்கும்.

மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் ஒரு வகை, நீலமாகத் தெரிந்தால் இன்னொரு வகை என்று ஒரு சோதனை சொல்வார்கள். நம் நிறத்தில் நரம்பே சரியாகத் தெரியாது, விட்டுவிடுங்கள். உங்கள் புடவைகளைக் கேளுங்கள். அரக்கும் மாம்பழ மஞ்சளும் கட்டும்போது முகம் தெளிகிறதென்றால் செங்கல், காவி பக்கம் போங்கள். கத்தரிப்பூவும் மயில்கழுத்தும்தான் பொருந்துகிறதென்றால் மாதுளை, நாவற்பழம் பக்கம். இரண்டும் பொருந்துகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு யோசனையே தேவையில்லை.

மணிக்கட்டில் தீட்டியதுதான் உங்களை ஏமாற்றியது. அங்கே தோல் வெளுப்பு, உதட்டின் கருமை அங்கே இல்லை. விரல்நுனியில் தடவிக்கொண்டு கடைவாசலுக்கு வாருங்கள். பகல் வெளிச்சத்தில் அந்த விரலை உதட்டருகே பிடித்துக் கண்ணாடி பாருங்கள். டியூப்லைட்டில் பார்த்து எதையும் வாங்காதீர்கள். சில ஷேடுகள் காய்ந்தபின் ஒரு படி கருக்கும், ஐந்து நிமிடம் பொறுங்கள். ஊரார் தொட்ட டெஸ்டரை மட்டும் உதட்டில் வைக்கவே கூடாது. உதட்டுக் கொப்புளம் ஒட்டிக்கொள்ள அது ஒன்று போதும்.

மேலுதடும் கீழுதடும் வேறு நிறமாக இருப்பது நம்மில் மிகச் சாதாரணம். அதை நோயாக நினைத்துக் கண்ட க்ரீமைத் தேய்க்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகக் காட்ட விரும்பினால், மேலுதட்டின் நிறத்தை ஒட்டிய பழுப்பு லைனர் (உதட்டின் ஓரம் வரையும் பென்சில்) ஒன்று வாங்கி, ஓரத்தோடு நிறுத்தாமல் இரண்டு உதடுகளிலும் முழுக்கத் தீட்டுங்கள். அதன்மேல் லிப்ஸ்டிக் பூசினால் ஒரே நிறமாக நிற்கும். பளபளப்பில்லாத மேட் வகை என்றால் முதலில் கொஞ்சம் வாஸ்லின் தடவி, ஊறியதும் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெடிப்புகள் தெரியும்.

வாங்கிய ரோஜாவைத் தூக்கி எறிய வேண்டாம். பழுப்பு லைனர் தீட்டியபின் கீழுதட்டின் நடுவில் மட்டும் விரலால் ஒரு பொட்டு வைத்து இரண்டு உதடுகளையும் ஒட்டி எடுங்கள். வெள்ளை கரைந்து, கிட்டத்தட்ட மாந்தளிருக்கே வந்துவிடும். நான் இப்போது வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்வது அதைத்தான்.

அன்புடன்,
அக்கா