110 வயதைத் தாண்டி வாழ்வது ஏன் அவ்வளவு அரிது?

110 வயதைத் தொட்டவர்களை 'சூப்பர்சென்டினேரியன்' என்பார்கள். அமெரிக்கப் பள்ளி ஆசிரியை பெஸ்ஸி கூப்பர் அவர்களில் ஒருவர். 1896-இல் டென்னசியில் பிறந்தவர், முதல் உலகப் போர்க் காலத்தில் ஆசிரியர் வேலைக்காக ஜார்ஜியா வந்தார். 2012-இல் இறந்தபோது வயது 116. ரகசியம் என்னவென்று கேட்டால், "என் வேலையை மட்டும் பார்ப்பேன், நொறுக்குத்தீனி தொடமாட்டேன்" என்பாராம். எனக்கு மிகவும் பிடித்த பதில் அது.

சரி, ஏன் இவ்வளவு அரிது? வயது ஏற ஏற உடல் தன்னைப் பழுதுபார்க்கும் திறன் குறைகிறது. 110-க்கு மேல் ஒவ்வொரு வருடத்தையும் தாண்டுவது நாணயம் சுண்டுவது மாதிரி: பூ விழுந்தால்தான் அடுத்த பிறந்தநாள். பெஸ்ஸிக்குத் தொடர்ந்து ஆறு முறை பூ விழுந்தது!

"அந்தக் காலத்து உடம்பு அப்படி" என்று பலர் சொல்வது சரியல்ல. 1900-இல் அமெரிக்காவின் சராசரி ஆயுளே சுமார் 47 வருடம்தான்.