ஆயில் குடிக்கும் பழைய கார்: இன்ஜினைப் பிரிக்கும் முன்

கேள்வி: என்னிடம் உள்ள பெட்ரோல் கார் 2009 மாடல், 1,45,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஓராண்டாக 1,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் இன்ஜின் ஆயில் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில நொடிகள் நீலப் புகை வருகிறது, பிறகு தெரிவதில்லை. ஊட்டி மலைப்பாதையில் முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடங்களில் இப்போது இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கி சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க (ரீபோர் செய்ய) 65,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். விற்றால் 90,000 ரூபாய்க்கு மேல் கிடைக்காது. பதிவை ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்துவிட்டேன். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். செலவு செய்வதா, விற்பதா? (வாசகர், மேட்டுப்பாளையம்)

பதில்: இரண்டையும் சற்றுத் தள்ளிப்போடுங்கள். ஆயில் குறைவதும் இழுவை குறைவதும் ஒரே கோளாறு என்று உங்கள் மெக்கானிக் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இருக்கலாம், ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ரிங் தேய்ந்த இன்ஜின் பெரும்பாலும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஏற்றத்தில் இழுக்கும்போதுதான் நீலப் புகை தள்ளும். இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் மட்டும் சில நொடிகள் புகைவிட்டு நின்றுவிடுகிறது என்றால், வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு சீல்கள் இறுகிப்போய், அவற்றின் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கிய ஆயில் எரிகிறது என்று ஐயப்படுவதே முறை. வால்வு சீல் மாற்றுவது இன்ஜினை இறக்கும் வேலை அன்று. பல இன்ஜின்களில் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றாமலேயே கைதேர்ந்தவர் மாற்றிவிடுவார். அதற்கும் முன்பாக, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும், விலை குறைந்த உதிரிபாகமான பி.சி.வி. வால்வு அடைத்திருக்கிறதா என்றும், வால்வு கவர் கேஸ்கெட்டிலும் கிராங்க் ஆயில் சீலிலும் கசிவு உள்ளதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐயத்தைத் தீர்ப்பது, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாகச் சுருக்கப்படுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் மின்பொறியையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். சரியான அளவு எது என்பது உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கையில் அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கோளாறு. ஒவ்வொரு சிலிண்டரின் எண்ணையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த எண்கள் இல்லாமல் 65,000 ரூபாய் கேட்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

சோதனையை மேட்டுப்பாளையத்திலேயே செய்யுங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத புதிய இன்ஜினே தன் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. கம்ப்ரஷன் கேஜும் அங்கே குறைத்துத்தான் காட்டும். அதே மலையில் முன்பு நன்றாக ஏறியது என்பதால், இழுவை குறைந்திருப்பது மெய்தான்.

கம்ப்ரஷன் சரியாக இருந்தால், இழுவைக் குறைவுக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், எரிபொருள் அழுத்தம் ஆகியவை வழக்கமான சந்தேகங்கள். ஐடிலில் ஒழுங்காக ஓடி, ஆர்.பி.எம். ஏறும்போது மூச்சுத் திணறினால், புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கக்கூடும். எரிந்த ஆயிலின் சாம்பலும் பாஸ்பரஸும் அதில் படிவதால், ஓராண்டாக ஆயில் எரித்த வண்டியில் இதை எதிர்பார்க்கலாம். அதற்கு முன்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தினால் தெரிந்துவிடும். உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டால் போதும் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. அது சட்டத்துக்குப் புறம்பானது, புகைச் சோதனையிலும் சிக்கல் தரும்.

இனிக் கணக்கு. ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டருக்கு நான்கு லிட்டர் ஆயில் கூடுதலாக ஊற்றுகிறீர்கள். லிட்டர் 500 ரூபாய் என்று வைத்தாலும் 2,000 ரூபாய்தான். அதை மிச்சப்படுத்த 65,000 ரூபாய் செலவழித்தால், போட்ட பணம் திரும்ப 32 ஆண்டுகளுக்கு மேல் ஆகும், பதிவோ ஐந்தாண்டுக்குத்தான். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குறைவதைச் சில தயாரிப்பாளர்கள் தங்கள் கையேடுகளிலேயே ஏற்கத்தக்க அளவுக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதையும் மெக்கானிக்கிடம் சொல்லலாம். எனவே கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் வால்வு சீலை மட்டும் மாற்றுங்கள், அல்லது ஊற்றிக்கொண்டே ஓட்டுங்கள். ஆனால் 15 நாளுக்கு ஒருமுறை, சமதளத்தில், இன்ஜினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையே ஒரு லிட்டர் அளவே இருக்கும். மேல் கோட்டைத் தாண்டியும் ஊற்ற வேண்டாம். 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில் குறைவை மட்டுப்படுத்தலாம்; உங்கள் இன்ஜினில் வேரியபிள் வால்வ் டைமிங் (வால்வு திறக்கும் நேரத்தை வேகத்துக்கேற்ப மாற்றும் அமைப்பு) இருந்தால் கையேடு அனுமதிக்காத கிரேடைப் போடாதீர்கள்.

ரிங்தான் தேய்ந்திருக்கிறது, கம்ப்ரஷனும் மிகவும் குறைவு என்று தெரிந்தால், என் கருத்தில், கோளாறை மறைக்காமல் சொல்லி விற்பதே மேல். பாடி, கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் மூன்றும் உறுதியாக இருந்து, இன்னும் ஐந்தாண்டு வைத்திருப்பேன் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் இன்ஜின் வேலைக்கு இறங்குங்கள். அப்போது லேத் வேலை, பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட், கூலி என்று பிரித்து எழுதிய எஸ்டிமேட்டைக் கையெழுத்துடன் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய இன்ஜினை மாற்றிப் பொருத்தச் சொன்னால், இன்ஜின் எண் மாறுவதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பதையும், அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீது வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேலை முடிந்தும் பழைய கோளாறு தொடர்ந்தால், முதலில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம்; செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. அங்கே முதலில் கேட்கப்படுவது பில். எனவே ஜி.எஸ்.டி.யைத் தவிர்க்கலாம் என்று பில் இல்லாமல் வேலை முடித்துத் தர முன்வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.