பல்லாவரம் பிழைத்தது, மார்க்கோனி பிழைக்கவில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பா பல்லாவரம் இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கில் ரிலே சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். இப்போது 84 வயது. அதன் லண்டன் தாய்க் கம்பெனி ஜிஇசியோடு (ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி) சேர்ந்தது, ஜிஇசி பின்னால் மார்க்கோனி என்று பெயர் மாற்றி இரண்டே வருடத்தில் ஒன்றுமில்லாமல் போனது என்று படித்தேன். ஜிஇசியை நடத்திய வைன்ஸ்டாக் முப்பது வருடம் சேர்த்ததை அடுத்து வந்தவர்கள் அழித்தார்கள் என்கிறார்கள். அவ்வளவுதானா? பல்லாவரம் என்ன ஆனது?

வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

ரிலே சோதனை என்று படித்ததுமே எனக்குச் சிடிஜி ரிலேதான் கண்முன் வந்தது. கறுப்புப் பெட்டி, முன்னால் கண்ணாடி, உள்ளே வீட்டு மீட்டரில் சுற்றுமே அதுபோல ஒரு அலுமினியத் தட்டு. லைனில் கரண்ட் எல்லை மீறினால் தட்டு நகர ஆரம்பிக்கும், எவ்வளவு மீறுகிறதோ அவ்வளவு வேகமாகச் சுற்றும், சுற்றி முடித்து கான்டாக்டைத் தொட்டதும் பிரேக்கர் டிரிப் ஆகி லைனில் மின்சாரம் துண்டிக்கப்படும். மைக்ரோசிப் எதுவும் கிடையாது, ஒரு தட்டும் காந்தமும் சுருள்வில்லும்தான். அதைச் சரியான நேரத்துக்குச் சுற்ற வைப்பதுதான் உங்கள் அப்பா செய்த வேலை.

சரி, கேள்விக்கு வருகிறேன். அழித்தது அடுத்து வந்தவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் கைக்கு வந்தபோதே கம்பெனி உள்ளுக்குள் பலவீனமாகத்தான் இருந்தது என்பது என் கருத்து.

ஜிஇசி 1886-இல் லண்டனில் மின்சாமான் வியாபாரமாகத் தொடங்கியது. அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்குக்கும் இதற்கும் உறவில்லை. ஜிஇசிக்குப் பொருள் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1940-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் ராடாருக்கு நுண்ணலை உண்டாக்கும் கேவிட்டி மேக்னெட்ரானைக் கண்டுபிடித்தபோது அது ஆய்வுக்கூட மேஜையை விட்டு நகர முடியாத சாமான். அதை விமானத்தில் பொருத்துகிற அளவுக்குச் சிறியதாக, மூடி முத்திரையிட்ட குழாயாக ஆக்கியது ஜிஇசியின் வெம்ப்ளி ஆய்வுக்கூடத்தில் எரிக் மெகா என்பவர். போர்க்கால ராடாருக்கு அதுதான் உயிர். அந்த வருடமே ஒன்றை அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள்.

வைன்ஸ்டாக் போலந்திலிருந்து வந்த யூதத் தையல்காரரின் மகன், சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். மாமனாரின் டிவி கம்பெனியை 1961-இல் ஜிஇசி வாங்க, அந்த வழியாக உள்ளே வந்து 1963-இல் நிர்வாக இயக்குநர் ஆனார். 1967-இல் ஏஇஐ என்ற இன்னொரு மின்சாதனக் கம்பெனியை வாங்கினார், 1968-இல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கைச் சேர்த்தார். இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கின் கையில் ஏற்கெனவே மார்க்கோனி என்ற ரேடியோ கம்பெனி இருந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேல் ஆட்கள். மாதா மாதம் ஒவ்வொரு பிரிவின் கணக்கும் மேஜைக்கு வரும், ஒரு விகிதம் இடித்தால் போதும், அந்த மேலாளருக்கு போன் போய்விடும். வூல்விச்சில் ஏஇஐ ஆலையை மூடியபோது ஐயாயிரம் பேர் வேலை இழந்தார்கள். உங்கள் கடிதத்தில் அவர் சேர்த்தவராக மட்டும் வருகிறார், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

முக்கியமான பலவீனம் வாடிக்கையாளர்தான். தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் என்றால் தபால் துறை (பிறகு பிடி, அதாவது பிரிட்டிஷ் டெலிகாம்), ராடார் என்றால் ராணுவம், ஜெனரேட்டர் என்றால் மின்வாரியம். எல்லாமே பிரிட்டிஷ் அரசு சார்ந்தவை. பிளெஸ்ஸி என்ற கம்பெனியோடு சேர்ந்து செய்த சிஸ்டம் எக்ஸ் எக்ஸ்சேஞ்ச் உள்நாட்டில் நன்றாக ஓடியது, வெளிநாட்டில் பெரிதாகப் போகவில்லை. ஜிஇசி ராடார் செய்த, எதிரி விமானங்களைத் தூரத்திலேயே கண்டறியும் நிம்ராட் விமானத் திட்டம் கிட்டத்தட்ட 100 கோடி பவுண்டை விழுங்கிய பிறகு 1986-இல் கைவிடப்பட்டு, போயிங்கிடம் வாங்கினார்கள். இதற்கிடையில் வங்கியில் 200 கோடி பவுண்டுக்கு மேல் ரொக்கம் சும்மா கிடந்தது. வெளிச்சந்தையில் இறங்க அந்தப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டிருக்க வேண்டிய வருடங்கள் அவருடைய வருடங்கள்தான்.

1996-இல் வைன்ஸ்டாக் இடத்துக்கு ஜார்ஜ் சிம்சன் வந்தார். முப்பது வருடத்தில் செய்யாததை மூன்றே வருடத்தில் செய்யப் பார்த்தார். 1999-இல் ராணுவப் பிரிவு 770 கோடி பவுண்டு மதிப்பில் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்குப் போனது, அதிலிருந்துதான் பிஏஇ சிஸ்டம்ஸ் வந்தது. அதற்கான விலை பெரும்பாலும் பங்குகளாக நேரே பங்குதாரர் கைக்குப் போய்விட்டது. கம்பெனியில் முக்கியமாக மிஞ்சியது தொலைத்தொடர்புதான். அதே வருடம் அமெரிக்காவில் இரண்டு தொலைத்தொடர்புக் கருவிக் கம்பெனிகளை, ரெல்டெக்கை 210 கோடி டாலருக்கும் ஃபோர் சிஸ்டம்ஸை 450 கோடி டாலருக்கும் ரொக்கமாக வாங்கினார்கள், அதுவும் சந்தை உச்சத்தை நெருங்கிய நேரத்தில். 2000 செப்டம்பரில் பங்கு 12 பவுண்டைத் தாண்டியது. 2001 ஜூலை 4 அன்று பங்கு வர்த்தகத்தை நிறுத்தச் சொல்லி லாபம் பாதியாகும் என்று அறிவித்தார்கள், மறுநாளே விலை பாதிக்கும் கீழே போனது. 2003-இல் கடன் கொடுத்தவர்கள் கம்பெனியை எடுத்துக்கொண்டபோது பழைய பங்குதாரர்களுக்குப் புதிய கம்பெனியில் கிடைத்த பங்கு 0.5 சதவீதம். வைன்ஸ்டாக் அதைப் பார்க்கவில்லை, 2002 ஜூலையில் இறந்துவிட்டார்.

அதற்கப்புறமும் மார்க்கோனி மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருந்தது. கடைசி அடி 2005 ஏப்ரலில் விழுந்தது. பிடி தன் புதிய நெட்வொர்க்குக்குத் தேர்ந்தெடுத்தவர்களின் பட்டியலில் ஹுவாவே இருந்தது, மார்க்கோனி இல்லை. ஒரே வீட்டுக்குப் பால் ஊற்றிப் பிழைத்தவனுக்கு அந்த வீடு கதவைச் சாத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. சில மாதத்தில் எரிக்சன் பெரும்பகுதியை 120 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

பல்லாவரம் தப்பித்ததற்குக் காரணம், அது வேறு கிளை. மின்துறைப் பிரிவுகளை 1989-இலேயே பிரெஞ்சுக்காரர்களோடு சேர்த்து ஜிஇசி ஆல்ஸ்தாம் என்று ஆக்கிவிட்டார்கள், ரிலே அந்தப் பக்கம் போனது. அப்புறம் வாசலில் பெயர்ப் பலகை மாறிக்கொண்டே இருந்தது: ஆல்ஸ்டாம், அரேவா, மறுபடி ஆல்ஸ்டாம், 2015-இல் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்.

அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தட்டு கான்டாக்டைத் தொட எடுக்கும் நேரத்தை சோதனை மேஜையில் எதை வைத்து அளந்தார்கள், எத்தனை விநாடி பிசகினால் ரிலேயைத் திருப்பி அனுப்புவார்கள்? அவர் சொல்வதை அப்படியே இங்கே போடுகிறேன்.