பதில்: சைகையை விட்டால் ஆங்கிலம் வந்துவிடுமா?

வணக்கம் நண்பரே. காது கேளாத உங்கள் சக ஊழியர் 'ஐ பில் சென்ட் ஃபினிஷ்' என்று மெயில் எழுதுகிறார், மேலாளர் அவரை அரைகுறை என்கிறார், சைகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அந்த 'ஃபினிஷ்' இந்தியச் சைகை மொழியின் இலக்கணத்திலிருந்து வருவது. வேலை முடிந்தது என்பதைக் காட்ட, வினைக்குப் பின்னால் தனிச் சைகை உண்டு. கேள்விச் சொல் கடைசியில் வரும். 'ஏ', 'தி' கிடையவே கிடையாது. (தமிழிலும்தான் இல்லை. 'தி' எங்கே போடுவதென்று நான் இன்றும் தடுமாறுவேன்.) நாம் பாதி ஆங்கிலத்தைக் காதால் பிடித்தோம்: டிவி, கிரிக்கெட் வர்ணனை, அடுத்தவர் பேச்சு. அவருக்கு எல்லாமே தாளிலிருந்து வர வேண்டும். பள்ளியில் சைகையைத் தடுத்து உதட்டை மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தால் அதுவும் சரியாக வந்திருக்காது. 1880இல் இத்தாலியின் மிலன் நகரில் காது கேளாதோருக்குக் கற்பிப்பவர்கள் கூடிய மாநாடு, சைகை வேண்டாம், பேச்சே போதும் என்று தீர்மானித்துப் பரப்பிவிட்ட வினை அது. அமெரிக்கச் சைகை முழுமையான மொழி என்று 1960இல் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி எழுதிய பிறகும் அது லேசில் ஒழியவில்லை.

அவர் சம்மதித்தால், அடிக்கடி அனுப்பும் மெயில்களுக்கு மாதிரி எழுதிக் கொடுங்கள். திருத்தும்போது முழு வாக்கியமாக எழுதிக் காட்டுங்கள். சிவப்புக் கோடு மட்டும் உதவாது. டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையத்தின் 10,000 சொல் அகராதி இணையத்தில் கிடைக்கிறது, நீங்களும் நாலு சைகை பழகலாம்.

மேலாளரிடம் ஒன்று கேளுங்கள்: அந்த பில் சரியாகப் போய்ச் சேர்ந்ததா இல்லையா?