எதிர்பாராப் பொறுப்புகளின் கோடு 2011க்குப் பின் ஏறுவது ஏன்?

துருக்கியின் குறுகிய கால அந்நியச் செலாவணி எதிர்பாராப் பொறுப்புகளை (ஒரு நிபந்தனை நிகழ்ந்தால் மட்டுமே செலுத்த நேரும் கடமைகளை) வரைபடமாக்கியபோது 2011க்குப் பின் கோடு ஏறுவதைக் கண்டு, அரசு புதிய உத்தரவாதங்களை வாரி வழங்கிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். முக்கியக் காரணம் அதுவன்று. நாடுகள் தம் அந்நியச் செலாவணிக் கையிருப்பை அறிவிக்கும் பன்னாட்டு நாணய நிதியத்தின் (IMF) கையிருப்புப் படிவத்தில் மூன்றாம் பிரிவாக வரும் இத்தலைப்பின் கீழ், ஓராண்டுக்குள் முதிர்வடையும் கடன்களுக்கான உத்தரவாதங்கள் ஒரு வரியிலும், 'பிற பொறுப்புகள்' அடுத்த வரியிலும் தரப்படுகின்றன. உள்நாட்டு வங்கிகள் மத்திய வங்கியில் அந்நியச் செலாவணியாகவும் தங்கமாகவும் வைத்துள்ள கட்டாய இருப்பு (வைப்புகளில் ஒரு பங்காக வங்கிகள் கட்டாயம் ஒப்படைக்க வேண்டிய தொகை) இரண்டாவது வரியில்தான் சேர்கிறது. துருக்கிய நாணயமான லீராவிலுள்ள வைப்புகளுக்குரிய கட்டாய இருப்பின் ஒரு பகுதியையும் டாலரிலோ யூரோவிலோ வைக்கலாம் என்று மத்திய வங்கி 2011இல் அனுமதித்த பிறகு அந்த வரி பெருத்தது. அதே தொகை மொத்தக் கையிருப்பையும் உயர்த்திக் காட்டியது என்பதால், இரண்டு கோடுகளையும் ஒன்றாக வரைந்து பாருங்கள். தனியே பார்த்தால் இரண்டுமே ஏமாற்றும்.

உத்தரவாத வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பத்தாண்டுக் கடனுக்கு என்றோ அளித்த உத்தரவாதம், தவணை ஓராண்டுக்குள் நெருங்கும்போதுதான் கணக்கில் நுழைகிறது. ஆகவே வெறும் காலக்கடப்பே ஓர் ஏற்றத்தை உண்டாக்கலாம். மேலும், இவை முகமதிப்பில் தரப்படுபவையேயன்றி, கடனாளி தவறும் வாய்ப்பைக் கொண்டு எடைபோட்டவை அல்ல. எனவே அதே படிவத்தின் இரண்டாம் பிரிவில் வரும், ஓராண்டுக்குள் செலுத்தியே ஆகவேண்டிய நிச்சயமான தவணைகளைப்போல உத்தரவாதங்களையும் கையிருப்பிலிருந்து முழுமையாகக் கழிப்பது மிகையான அச்சம் என்பதே என் கருத்து.